மூன்றாவது கரடு

அய்யலூர்
10-9-1961

சென்னையில் அச்சாபீசில் வேலை பார்க்கும் மருமகன் சுருளிவேலுக்கு, உன் தாய்மாமன் தங்கமுத்து எழுதுவது. நானும் உன் அம்மா மூக்காயியும் வண்டிக்கருப்பு சாமி காவலில் சுகமாக இருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இதை யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிப்பாய். யாரும் இல்லை. நானேதான்! அறுபத்தேழு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. இதுதான் என் முதல் கடிதம். இந்த அளவு எழுத நாலு நாள் ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெயமேரி டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். பதினான்கு பேர் சேர்ந்தோம். இப்போது மூன்று பேர். முதல் நாள் நான் சிலேட்டோடு போவதைப் பார்த்து உன் அம்மா, "காடு வா வாங்குது, கிழவனுக்கு சிலேட்டு கேக்குது" என்றாள். சிரிக்கட்டும். இன்றைக்கு அவளுக்குப் பஞ்சாங்கம் படித்துச் சொல்வது நான்தான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் படித்துக்கொண்டு நின்று என் பஸ்ஸை விட்டுவிட்டேன். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சுவர் உண்டு. முப்பது வருஷமாக நான் ஒதுங்குகிற சுவர். அதில் 'இங்கே அசுத்தம் செய்யாதே' என்று எழுதியிருக்கிறது. அன்றுதான் படித்தேன். பயந்துபோய் அடக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

என் மகன், உன் மச்சான் கருப்புசாமி, சுகம். ஆட்டுத் தரகு எல்லாம் இப்போது அவன்தான் பார்க்கிறான். வியாழக்கிழமை சந்தைக்கு நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறேன்.

நீ கதை எழுதுகிறாயாமே. அனுப்பு. நான் படித்து உன் அம்மாவுக்குச் சொல்கிறேன். கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

உன் மாமன்
தங்கமுத்து (என் பெயரை நானே எழுதியது)


சென்னை
2-10-1961

அன்புள்ள மாமாவுக்கு, சுருளிவேல் வணக்கம். எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை இங்கே அச்சுக் கோக்கிறவர்கள் எல்லாரிடமும் காட்டினேன். சுவர்க் கதையைப் படித்துவிட்டு எங்கள் போர்மேன் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்து ஒரு புரூப் கெட்டுப்போயிற்று.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அம்மாவுக்கு நான் எழுதிய கடிதங்களை யார் யாரோ படித்துச் சொன்னார்கள். அதனால் பாதியை நான் எழுதாமலே விட்டேன். இனி நம் வீட்டு மனிதர் படிப்பார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வருகிற ஜனவரியிலிருந்து ஒரு மாதப் பத்திரிகையில் என் தொடர்கதை வருகிறது. 'கொம்பில்லாத ராஜ்யம்' என்று பெயர். ஆடுகளும் சிறுத்தையும் பேசுகிற கதை. பத்திரிகை நடத்துகிறவர் பயந்த மனிதர். நேராக எழுதினால் போடமாட்டார். ஆடு, சிறுத்தை என்றால் பிள்ளைகளுக்கான கதை என்று நினைத்துப் போடுவார். படிக்கிறவர்களுக்குப் புரியும். ஆட்டைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தால் நீங்கள்தான் திருத்தவேண்டும். அந்த வித்தையில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

சுருளிவேல்


அய்யலூர்
18-2-1962

மருமகனுக்கு மாமன் எழுதுவது. பனி விட்டது, என் இருமலும் விட்டது. உன் அம்மா முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறாள். உன் சளி போயிற்றா?

இரண்டு பத்திரிகையும் வந்தன. உன் பெயர் அச்சில் வந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். மூக்காயியையும் தொடச் சொன்னேன். "இம்புட்டுத்தானா எம் மகன்?" என்றாள். ஆனால் விரலை எடுக்கவில்லை.

முதல் பகுதி படிக்க ஒன்பது நாள். இரண்டாம் பகுதி ஆறு நாள். தினமும் ஒரு பத்தி நான் படித்துக்கொண்டு போய், சாயங்காலம் அவளுக்குப் படித்துச் சொல்கிறேன். மருமகனே, இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே!

சில தப்புகள் இருக்கின்றன. ஆடுகள் குனிந்து பசும்புல் மேய்ந்தன என்கிறாய். செம்மறிதான் அப்படி மேயும். வெள்ளாடு அண்ணாந்து மரக்குழையைத்தான் தேடும். மந்தைக்கு முன்னால் போகிற மணிக்கிடாய்க்கு ஏழு வயது என்கிறாய். ஏழு வயது வரைக்கும் எந்தச் சம்சாரி கிடாயை விட்டுவைப்பான்? அதற்கு ஏதோ காரணம் இருக்கவேண்டும்.

வெள்ளைப் புலிகள் கடல் தாண்டிப் போகும்போது மலையைப் புள்ளிச் சிறுத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகின்றன. சிறுத்தை 'நானும் இந்த மலையில் பிறந்தவன்தான்' என்கிறது. ஆடுகள் ஆவாரம்பூ மாலை போடுகின்றன. பிறகு சிறுத்தை, மூன்று ஆடு சேர்ந்து மேயக்கூடாது, கொம்பை அறுக்கவேண்டும் என்று சட்டம் போடுகிறது. நான் இதை ஆட்டுக் கதையாகவே படித்தேன். ஜெயமேரி டீச்சர்தான் சிரித்துக்கொண்டு, "வெள்ளைப் புலின்னா யாருங்க தாத்தா? யோசிங்க" என்றார். யோசித்தேன். மண்டையில் பட்டென்று விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நாற்பத்தேழில் திண்டுக்கல்லில் நாம் எல்லாரும் மிட்டாய் வாங்கித் தின்றோமே, அதுதான் ஆவாரம்பூ மாலை! கறிக்குள் எலும்பு மாதிரி கதைக்குள் இன்னொரு கதை வைத்திருக்கிறாய்.

ஓடி வந்து மூக்காயிக்குச் சொன்னேன். "அப்ப, கொம்பறுக்க மாட்டேன்னு சொல்லுதே செவலைக் கிடாய், அது யாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் மாமன்
தங்கமுத்து


சென்னை
11-3-1962

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் வெயிலில் அலையாமல் இருக்கவேண்டும்.

உங்கள் திருத்தங்கள் எல்லாம் சரி. புத்தகமாக வரும்போது மாற்றிவிடுவேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். செவலைக் கிடாய் என் அண்ணன் பேச்சிமுத்துதான். மூன்றாம் பகுதியில் அது மந்தையை விட்டு ஓடி ஒளிகிறது. பத்திரிகை இதோடு வருகிறது.

அண்ணன் செத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் தொழிலாளர் சங்கம் வைத்தான், சங்கத்துக்குத் தடை போட்டார்கள், ஊர்ப்பக்கம் வந்து கரட்டுக் குன்றில் ஒளிந்தான், போலீஸ் சுட்டது. பிணத்தைக்கூடக் கொடுக்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்கும் தைரியம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அவன் இருக்கும் இடத்தைச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. கதைக்கு ஒருவர் வேண்டும். அதனால் மணிக்கிடாயை நானாக உண்டாக்கினேன். நான்காம் பகுதியில் அது காட்டிக் கொடுக்கும். மாமா, அன்று நீங்கள் ஊரில் இருந்தீர்கள். உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். சின்ன விஷயமானாலும் சரி.

சுருளிவேல்


அய்யலூர்
8-4-1962

மருமகனுக்கு மாமன் எழுதுவது. இங்கே சுகம். அங்கே சுகமா?

இந்த வருஷம் மாம்பூ கொட்டிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கருப்புசாமிக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்திருக்கிறது. மூக்காயிதான் மருந்து இடித்துக் கொடுத்தாள். பிள்ளை நாக்கில் அவள் கையால்தான் சேனை வைக்கவேண்டும் என்று கருப்புசாமி சொல்லிவிட்டான். அத்தை என்றால் அவனுக்கு உயிர்.

மூன்றாம் பகுதி படித்து முடித்தேன். செவலை பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு தூரத்தில் மந்தையின் மணிச் சத்தத்தைக் கேட்கிற இடம் நன்றாக இருக்கிறது. அதை மூக்காயி இரண்டாம் தரம் படிக்கச் சொன்னாள்.

ஒரு வேடிக்கை. நாலு நாளாக ஒரு செவலைக் கிடாய் என் வாசலில் வந்து நிற்கிறது. உச்சிவெயிலில் வருகிறது. விரட்டினால் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறது. ஊரில் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். எவனும் தன்னுது என்று சொல்லவில்லை. காதில் அடையாளமும் இல்லை. மூக்காயி அதற்குக் கழுநீர் வைக்கிறாள். வைக்காதே என்றேன். "வாயில்லாச் சீவன், ஒனக்கு என்னண்ணே பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

நீ கேட்டதை யோசித்து எழுதுகிறேன்.

உன் மாமன்
தங்கமுத்து


அய்யலூர்
13-5-1962

மருமகனுக்கு மாமன் எழுதுவது. நான் சுகம், உன் அம்மா சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

நான்காம் பகுதியை மூன்றே நாளில் படித்துவிட்டேன். டீச்சர் என் முதுகில் தட்டினார். அவருக்கு வத்தலக்குண்டுக்கு மாற்றலாகிவிட்டது. போவதற்கு முன் ஒரு பேனா கொடுத்தார். இது அந்தப் பேனாவில் எழுதுவது. எழுத்து எப்படி ஓடுகிறது பார்!

இப்போது உன்னைத் திருத்தப் போகிறேன். அச்சில் வந்ததை இந்தத் தங்கமுத்து திருத்துகிறான், ஊரில் சொன்னால் நம்புவார்களா? மணிக்கிடாய் பாறைமேல் ஏறி மூன்று தரம் கத்தியது, சிறுத்தைக்கு இடம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். சுத்தத் தப்பு. கத்தினால் மந்தைக்கெல்லாம் கேட்காதா? அது தரகு தெரிந்த கிடாய். எத்தனை சந்தை பார்த்தது! எப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன்.

அது ராத்திரியில் நடந்திருக்காது. வியாழக்கிழமை சந்தையில், கூட்டத்துக்கு நடுவில், உச்சிப்பொழுதில் நடந்திருக்கும். சிறுத்தை உருமால் கட்டிக்கொண்டு வியாபாரி மாதிரி வரும். துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் கையை நீட்டும். நாம் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோமே, அதே மாதிரி. விரல் பேசும், வாய் பேசாது. கையைத் தொட்டதுமே மணிக்கிடாய்க்குத் தெரிந்துவிடும், இது கயிறு பிடித்த கை இல்லை. மெத்தென்று இருந்தது. மணிக்கிடாய் மூன்று விரலைப் பிடித்தது. மேற்கேயிருந்து மூன்றாவது கரடு. அவ்வளவுதான். கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் கடிகாரம் கழற்றிய இடம் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்றவன் "என்ன, படிஞ்சுதா?" என்று கேட்டான். படியலை என்று சொல்லிவிட்டு மணிக்கிடாய் வேறு பக்கம் போயிற்று.

இப்படி எழுது. படிக்கிறவனுக்கு மயிர் கூச்செறியும்.

உன் மாமன்
தங்கமுத்து


அய்யலூர்
22-7-1962

மருமகனுக்கு மாமன் எழுதுவது. இங்கே சுகம். உன் உடம்புக்கு என்ன? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. உன் கதை இருக்கும் பக்கத்தில் 'ஆசிரியருக்கு உடல்நலம் இல்லாததால் இந்த மாதம் தொடர் வெளியாகவில்லை' என்று போட்டிருந்தது. அதை மூக்காயிக்குப் படித்துச் சொல்லவில்லை. பயந்துகொள்வாள். தினமும், "அப்புறம் என்னண்ணே ஆச்சு அந்தச் செவலைக்கு?" என்று கேட்கிறாள்.

வாசலில் வந்து நின்ற கிடாய் இப்போது வருவதில்லை. வந்தபோது ஒரு மாதிரியாக இருந்தது. வராததும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. உச்சிப்பொழுதில் வாசலைப் பார்க்கிறேன்.

போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று சரியாக நினைவில்லை. பேனா ஓடுகிற சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு. கிழவன் உளறல்.

உன் மாமன்
தங்கமுத்து


சென்னை
26-8-1962

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

கதையில் நான் பாறை இடுக்கு என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எந்தக் கரடு என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது. போன மாதம் பழைய சங்கத்துக்காரர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். மேற்கேயிருந்து மூன்றாவது என்றார். அண்ணன் அங்கே இருந்தது இரண்டே பேருக்குத் தெரியும் என்றார். ஒருவர் அவர். அண்ணனை அங்கே சேர்த்துவிட்டு வந்ததும் பிடிபட்டு, அன்று அவர் வேலூர் சிறையில் இருந்தார். இன்னொருவர், அண்ணனுக்குக் கூழும் வெஞ்சனமும் கொண்டுபோன சொந்தக்காரர். பெயரை அண்ணன் அவரிடம் சொல்லவில்லையாம்.

சிறுத்தை கடிகாரம் கட்டுமா மாமா?

சுருளிவேல்


அய்யலூர்
23-9-1962

சுருளிவேலுக்கு,

இதை எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. எழுத்துத் தெரியாமல் இல்லை.

சோறு கொண்டுபோனது நான்தான். ஆடு மேய்க்கப் போகிற மாதிரி தூக்குச்சட்டியை எடுத்துப் போவேன். மூக்காயிக்குக்கூடச் சொல்லவில்லை. அவன்தான் சொல்ல வேண்டாம் என்றான். பதினாறு நாள் கொண்டுபோனேன். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. "எங்காத்தா கைப்பக்குவம் மாமா" என்று சொல்லி விரலைச் சப்பினான். அது அவள் வைத்த குழம்புதான். எனக்கென்று சொல்லி வாங்கிப் போனேன்.

அதற்குள் தோல் ஷாப்பில் ஆட்களைப் பிடித்தபோது கருப்புசாமியையும் பிடித்துவிட்டார்கள். அவன் சங்கத்தில் இல்லை. பேச்சிமுத்துவின் மச்சான் என்பதுதான் குற்றம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நகத்தைப் பிடுங்குகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஐம்பதாம் வருஷம் ஆகஸ்டு மாதம். சுதந்திர நாள் கழிந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை. சந்தையில் ஒருத்தன் வந்து ஆடு கேட்டான். துண்டு போடச் சொன்னான். கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னான்: "கருப்புசாமி எங்கிட்டத்தான் இருக்கான். எனக்கு அவன் வேண்டாம்யா. உருப்படிக்கு உருப்படி மாத்திக்கிருவமா?" நான் "உசுருக்கு ஒண்ணும் ஆகாதே சாமி?" என்று கேட்டேன். "ரெண்டு வருசம் உள்ள இருப்பான். அப்புறம் வந்துருவான்" என்றான். நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதும்போது கை நிற்கிறது. நம்ப வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்.

மூன்று விரலைப் பிடித்தேன்.

இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று சந்தையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ வேட்டு என்றான். ஆமாம், சுதந்திர நாள் மிச்ச வேட்டு என்று நானும் சொன்னேன்.

மறுநாள் காலையில் பேச்சிமுத்து செய்தி வந்தது. சாயங்காலம் கருப்புசாமி வந்தான். உன் அம்மா அழுத கண்ணோடு எழுந்து வந்து அவனுக்குச் சூடம் சுற்றிப் போட்டாள். "ஒருத்தனாவது வந்தானே" என்றாள். இன்று வரைக்கும் அந்தச் சொல் எனக்குக் கேட்கிறது. கருப்புசாமிக்கு ஒன்றும் தெரியாது. அவனை ஒன்றும் கேட்காதே.

இத்தனை வருஷம் இது என் உடம்புக்குள் கிடந்தது. இப்போது தாளில் இருக்கிறது. நான் போட்ட எழுத்து என்னையே பார்க்கிறது. மூக்காயிக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு அண்ணன் என்று நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். எனக்கும் அவள்தான். உன் காலில் விழுகிறேன்.

தங்கமுத்து


சென்னை
18-11-1962

மாமாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள்?

ஐந்தாம் பகுதி அச்சாகிவிட்டது. பத்திரிகை இதோடு வருகிறது. நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். சந்தை, துண்டு, மூன்று விரல், மூன்றாவது கரடு. கிடாயின் மகனுக்காக என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை மறைத்தால் அது பொய்க் கதையாகிவிடும்.

அம்மாவுக்கு இதை நான் தனியாக எழுதமாட்டேன். வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மாட்டேன். படிப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில். நாளைக்கே பத்திரிகையை அடுப்பில் போட்டாலும் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தினமும் கேட்பாள். அது எனக்குத் தெரியும்.

கடைசிப் பகுதி இன்னும் எழுதவில்லை. ஆடுகள் எல்லாம் சேர்ந்து மணிக்கிடாயை முட்டிக் கொல்வதாக முதலில் நினைத்திருந்தேன். இப்போது பேனா ஓடவில்லை.

சீனச் சண்டை வந்ததிலிருந்து இங்கே பழைய சங்கத்து ஆட்களை மறுபடியும் பிடிக்கிறார்கள். வெள்ளைப் புலி காலத்துச் சட்டங்களுக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது. அச்சாபீசுக்கு இரண்டு பேர் வந்து கொம்பில்லாத ராஜ்யம் எழுதுகிறவன் யார் என்று விசாரித்தார்களாம். நான் அறையைக் காலி செய்கிறேன். இருக்கும் இடம் நிலையானதும் அம்மாவுக்கு விலாசம் எழுதுகிறேன். அதுவரைக்கும் போர்மேன் பெயருக்கு எழுதுங்கள்.

சுருளிவேல்


அய்யலூர்
9-12-1962

சுருளிவேலுக்குத் தங்கமுத்து எழுதுவது. உன் அம்மா உடம்பு சுகம். முழங்கால் வலி இருக்கிறது.

பத்திரிகை வந்து ஐந்து நாள் வரவில்லை என்று பொய் சொன்னேன். ஆறாம் நாள், "தபால்காரன் குடுத்தேன்னு சொல்றானே" என்றாள். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து படித்தேன். துண்டு வருகிற இடத்தைத் தாண்டிப் படித்தேன். அவள் தலை நிமிராமல், "தாளு ரெண்டு பெரண்டுச்சு. கதை ஒரு தாளுகூட வரலையேண்ணே" என்றாள்.

திரும்பப் புரட்டி முழுக்கப் படித்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை. எழுத்துக் கூட்டாமல், திக்காமல் படித்தேன். டீச்சர் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

முடித்ததும் அவள் கேட்டாள், "அன்னைக்கு நீ சந்தையில இருந்தியே?"

"இருந்தேன்."

"துண்டு யாருது?"

"என்னுது."

மொச்சையைக் கடைசிவரைக்கும் உரித்தாள். தோலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. கருப்புசாமியின் பிள்ளையை மட்டும் வழக்கம்போல வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டாள். பத்திரிகையோடு வந்த உன் கடிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "தாளு பேனா எடு. எம் மகனுக்கு எழுதணும். நான் சொல்றத அப்படியே எழுது. கூட்டாத, கொறைக்காத" என்றாள். அவள் சொன்னது கீழே.

"அப்பு சுருளி, ஒன் ஆத்தா மூக்காயி சொல்றேன். வவுத்துக்குத் தின்னியாடா? எனக்குக் கையி காலு நல்லா இருக்கு.

கதையக் கேட்டேன். நீ எழுதுனது நல்லது. பன்னெண்டு வருசமா ஊருல ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துக்கிட்டு இருந்தேன், இவனா அவனான்னு. பாக்காத மூஞ்சி ஒண்ணுதான். இனிமே பாக்க வேண்டியதில்ல.

என்ன எழுதாம ஒக்காந்திருக்க? எழுது. அழுகாத, தாளு நனையும்.

அந்தக் கிடாய முட்டிக் கொல்லப் போறேன்னு எழுதியிருந்தியாம். வேண்டாம் அப்பு. செத்துட்டா அதுக்கு லேசு. அது உசுரோட இருக்கட்டும். மந்தையோட போகட்டும், மந்தையோட வரட்டும். செவலையோட ஆத்தா அதே மந்தையிலதான மேயுது? தெனம் அது முன்னால இது நடக்கட்டும். அப்படி முடி.

கருப்புசாமி பாவம். அவன ஒண்ணும் நெனைக்காத. அவன் உசுரு எம் மகன் குடுத்தது. அதுனால அவன் எனக்கு மகன்தான்.

ஒன்னத் தேடி ஆள் வந்தாகளாம். பத்திரமா இரு. நல்லா இருக்கேன்னு மட்டும் ஒரு வரி எழுது. எங்க இருக்கேன்னு எனக்கு எழுதாத. ஆத்தாகிட்டதான சொல்றேன்னு எழுதிராத. வார கடுதாசியப் படிக்கிறது எங்கண்ணன்."

எழுதியாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். படி என்றாள். முதலிலிருந்து படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

மூக்காயி கைநாட்டு.

அவள் சொன்னபடி எழுதியவன்
தங்கமுத்து